அசைவு யாரிடம் இருந்தது

பூங்கனிக்கு ஏழாம் மாதம் பிறந்த அன்று காலையில், அவள் காலில் இறங்கியிருக்க வேண்டிய நீர் அவளுடைய மாமியார் தங்கபுஷ்பத்தின் காலில் இறங்கியது. ஐம்பத்தெட்டு வயதிலும் பாத்திக்குள் நின்று உப்பு வாருகிற தங்கபுஷ்பம் செருப்பை மாட்டப் போனபோது பாதம் உள்ளே நுழையவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்தது, விழுந்த குழி மூட நேரம் எடுத்தது. அதே காலையில் டீக்கடை சுயம்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டீயை உயர்த்தி ஆற்ற முடியாமல், கிளாஸில் அப்படியே சரித்துக் கொடுத்தான். உப்பு லாரி ஓட்டுகிற லிங்கதுரை, பூங்கனியின் புருஷன், நெஞ்சு புளித்து எரிய, தார்ரோட்டைத் தொடுவதற்குள் மூன்று தடவை வண்டியை ஓரங்கட்டி உடைமரத்துக்குப் பின்னால் போய் ஓங்கரித்தான். உப்பளத்துக் கங்காணி ஞானசிகாமணி குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினால், அடிவயிற்றில் பழுத்த வெள்ளரி வெடித்த மாதிரி கோடு கோடாக ஓடியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் கடைசிப் பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்ட பேச்சியம்மாவுக்குக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது ரவிக்கை நனைந்தது. குடம் தளும்பி நனைந்தது என்றுதான் முதலில் நினைத்தாள், பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பூங்கனி மட்டும் எழுந்து, முகம் கழுவி, முன்னால் தள்ளிய வயிறோடு கல்யாணத்துக்கு முந்திய பெண்ணைப்போல லேசாக நடந்து வேலைக்குப் போனாள்.

அளத்துக்குடி அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை. தார்ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே எண்பது வீடு, ஒரு தண்ணீர்த்தொட்டி, ஒரு பால்வாடி, ஒரு டீக்கடை, சுற்றி நாலு பக்கமும் கண்ணைக் கூசவைக்கிற பாத்திகள். ஆணும் பெண்ணும் உப்பில்தான் பிழைத்தார்கள். அதனால் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்பது அன்று மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இது யாருடையது என்று கண்டுபிடிக்கவும் அதிக நேரம் ஆகவில்லை. ஊரில் அப்போது ஏழு மாதமாக இருந்தவள் பூங்கனி ஒருத்திதான். எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் மறுநாள் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், வீங்கின காலோடு எப்படிப் பாத்தியில் இறங்குவது, புளித்த நெஞ்சோடு எப்படி லாரி ஓட்டுவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஊர் கூடியது. தங்கபுஷ்பம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தான் ரெண்டு பிள்ளை பெற்றபோதுகூட இப்படி வீங்கியதில்லை, மருமகள் பாரத்தை மாமியார் சுமக்கணும் என்று எந்த ஊரில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சுயம்பு இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். கங்காணி சட்டைப் பொத்தானை ஒன்றுகூடத் திறக்காமல் வியர்த்தபடி நின்றார். பேசிப் பேசிக் கடைசியில் முடிவானது இதுதான்: வந்தது வந்ததுதான், பிள்ளை பிறக்கிறவரைக்கும் அவரவர் பங்கை அவரவர் சுமக்க வேண்டியது, யாரும் பூங்கனியைக் குறை சொல்லக் கூடாது, யாருக்கு என்ன வந்திருந்தாலும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்திக்குக் கழுத்து கறுத்திருந்தது, ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, ரேஷன்கடைப் பையனுக்குச் சாம்பலைத் தின்ன ஆசை வந்தது. எல்லாம் சொல்லி முடிந்தபிறகு பூங்கனி எழுந்து, பிள்ளையின் அசைவு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். அஞ்சாம் மாதத்திலிருந்து தனக்கு அது இருந்தது, குட்டி மீன் வாலை அடிக்கிற மாதிரி இருந்தது, ஏழு பிறந்த அன்றோடு போய்விட்டது, கையை வைத்தால் வயிறு மண்பானை மாதிரி கிடக்கிறது என்றாள்.

கடைசி வரிசையில், சுவரோடு சுவராக வடிவு உட்கார்ந்திருந்தாள்.

வடிவு லிங்கதுரையின் அக்காள், தங்கபுஷ்பத்தின் மூத்த மகள். முப்பத்தொன்பது வயது. மேற்கே ஓர் ஊரில் கட்டிக்கொடுத்து, ஒன்பது வருஷம் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். வந்து பதினொரு வருஷமாகத் தாய்வீட்டிலேயே இருந்துகொண்டு உப்புப் பாக்கெட் போடுகிற கொட்டகையில் வேலை பார்த்தாள். பூங்கனிக்கு ஏழு பிறந்த காலையில் அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தொப்புளுக்குக் கீழே, உள்ளிருந்து யாரோ சுண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அரிசிச் சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மறுபடி தட்டியது. இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, ஆனாலும் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கூட விட்டாள். அப்போது யாரோ, வடிவுக்கு ஒண்ணும் வரலையா என்று கேட்க, தங்கபுஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவளுக்கு என்ன வரப்போவுது" என்றாள். வடிவு ஊன்றிய கையை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்கு ஒண்ணும் இல்லை என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லை அன்று சொன்னதுதான். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பி எடுப்பது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகப் போனது.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் அளத்துக்குடியில் சுயம்புவின் டீ ஆற்றாத டீ ஆகிவிட்டது, அதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். லிங்கதுரையின் லாரி எந்தெந்த மரத்தடியில் நிற்கும் என்று பின்னால் வருகிற டிரைவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தங்கபுஷ்பத்துக்குப் பெருமைகூட வந்துவிட்டது. வீட்டுவாசலில் ஸ்டூல் போட்டு, இன்னொரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். மாதமாக இருந்த ஒருத்தி, தன் பாரத்தையும் இப்படிப் பங்கு போட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, பூங்கனி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து அந்தத் தெருவையே சுற்றிப் போன ஆண்களும் இருந்தார்கள். பேச்சியம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் மாராப்புக்குள் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அவள் கண் எப்போதும் சிவந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

இதில் ஒரு கெடுதலும் நடந்தது. மாதமாக இருக்கிறவர்களை ஏழு பிறந்ததும் பாத்தியிலிருந்து எடுத்து, நிழலில் பாக்கெட் ஒட்டுகிற வேலைக்கு மாற்றுவது அளத்தில் வழக்கம். பூங்கனிக்கு அது கிடைக்கவில்லை. அவளுக்குத்தான் காலும் வீங்கவில்லை, இடுப்பும் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லையே என்று கங்காணி சொன்னார். பாரத்தைச் சுமக்கிறவன் நான், உட்கார வேண்டியவன் நானல்லவா என்று சொல்லி, வரப்போரம் குடை விரித்து உட்கார்ந்துகொண்டார். அது நியாயம்தான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. பூங்கனியும் மறுக்கவில்லை, அவள் உடம்பு உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. காலை ஐந்தரையிலிருந்து மதியம்வரை, முழுத் தட்டு உப்பைத் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து அம்பாரத்தில் கொட்டினாள். நிறைந்த வயிறும் நிறைந்த தட்டுமாக அவள் நடப்பதைப் பார்த்து மற்றவர்கள் அசந்துபோனார்கள். வலிக்கவில்லை என்பதால் வலிக்க வேண்டிய இடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வேலை முடிந்து வந்ததும் அவள் வீடு வீடாகப் போவாள். வாசலில் நின்று, உங்க வீட்ல யாருக்காவது வயித்துல அசையுதா என்று கேட்பாள். முதலில் ஆள் உள்ள வீடுகளில் கேட்டாள், பிறகு பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவில் காதை வைத்துக் கேட்டாள், பிறகு ஒருநாள் பேச்சியம்மாவின் சினையாட்டின் வயிற்றில் கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆடு தன் குட்டிகளின் அசைவைத்தான் காட்டியது. அதை வடிவு கொட்டகை வாசலிலிருந்து பார்த்தாள்.

பார்த்துக்கொண்டு எப்படி இருந்தாள் என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போவாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது புரளும். எட்டாம் மாதத்தில் தட்டு உதையாக மாறியிருந்தது, உதை புரளலாக மாறியிருந்தது. காலையில் அவள் எழுந்ததும் எழுந்தது. லிங்கதுரையின் லாரி தூரத்தில் ஹார்ன் அடித்தால் துள்ளியது. காரம் தின்றால் முரண்டு பிடித்தது. சில நாள் சாயங்காலம் விக்கல் எடுத்தது, கடிகார முள் மாதிரி ஒரே சீராக அரைமணி நேரம், வடிவு உப்புப் பாக்கெட்டை ஒட்டிக்கொண்டே தனக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மலைப்பாம்பு வளைக்குள் திரும்புகிற மாதிரி ஒரு பெரிய புரளல் வந்து, அதுவரை விலாவுக்குக் கீழே கட்டியாக இருந்தது கீழே போயிற்று, அடுத்த நாளிலிருந்து உதை மேலே விழுந்தது. தலை திரும்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம், இன்னைக்கு வெயில் கூடுதல் என்று சொன்னாள். அவள் வயிறு ஒட்டித்தான் இருந்தது, புடவைக் கொசுவம் சரியாகத்தான் நின்றது, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் ஒரு ஆள் அவளோடு குடியிருந்தான், அல்லது குடியிருந்தாள். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவள் தனியாக இல்லை.

ஒருநாள் சாயங்காலம் பூங்கனி தலை வாரிவிடச் சொல்லி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். உப்புக்காற்றில் சிக்குப்பிடித்த முடி. வடிவு எண்ணெய் தொட்டுப் பிரித்துக்கொண்டிருக்க, பூங்கனி அலுப்பில் முதுகைப் பின்னால் சாய்த்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் கேட்டதும் பிள்ளை குரல் வந்த பக்கமாகப் புரண்டு, ஓங்கி ஒரு உதை விட்டது. பூங்கனி பேச்சை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மைனி அது?"

"பசில வயிறு பொருமுது" என்றாள் வடிவு.

பூங்கனி நம்பினாள். சாப்பிடாமல் கிடந்து வேலை பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவளே எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். வடிவு அதைத் தின்றாள்.

வியாழக்கிழமைதோறும் பால்வாடிக்கு நர்ஸ் ஜெபசீலி ஸ்கூட்டியில் வருவாள். அவள் எதற்கும் அசராதவள். அளத்துக்குடி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூங்கனியின் அட்டைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைக் குண்டூசியால் குத்தி, எல்லாருடைய பெயரையும் எழுதி, தங்கபுஷ்பத்தின் காலை அளந்து, கங்காணியின் வயிற்றைப் பார்த்து, சுயம்புவின் இடுப்பை அமுக்கி, வாராவாரம் குறித்துக்கொண்டாள். பூங்கனியின் வயிற்றில் குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். அது நன்றாக இருந்தது. எட்டு முடிந்து ஒன்பது பிறந்த வியாழக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி வரிசையாக நிறுத்தினாள்.

"மத்த எல்லாத்தையும் நான் வந்து பாத்துக்குவேன். அசைவை மட்டும் என்னால பாக்க முடியாது. அது யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பாக்கணும். காலையில இருந்து சாயங்காலத்துக்குள்ள பத்து தடவையாவது அசையணும். குறைஞ்சா என் வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரா டவுன் பெரிய ஆஸ்பத்திரிதான். கடைசி மாசத்துல பிள்ளைக்கு இடம் பத்தாது, அதனால அசையாதுன்னு சொல்லுவாங்க. அது பொய். யார்கிட்ட இருந்தாலும் சரி, என்ன வெக்கம் இருந்தாலும் சரி, வந்து சொல்லிடணும்."

சொல்லிவிட்டு வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வடிவின் முகத்தையும் பார்த்தாள். வடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கட்டிய கைக்குக் கீழே அது புரண்டது.

ஒன்பதாம் மாதம் பாதி போனபோது, ஒரு வெள்ளிக்கிழமை, தங்கபுஷ்பத்தின் வீக்கம் காலிலிருந்து கைக்கும் முகத்துக்கும் ஏறியது. மோதிரத்தை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று, கண் இடுங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. உப்புநீர் ஏறிவிட்டது என்றாள் பேச்சியம்மா, உப்புக்காட்டில் பிறந்து உப்புநீர் ஏறாமல் இருக்குமா என்று தங்கபுஷ்பம் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கங்காணிக்கு மண்டை பிளக்கிற மாதிரி வலித்தது. அம்பாரத்தின்மேல் பொறிப்பொறியாக வெளிச்சம் பறக்கிறது என்று சொன்னார், கொத்துக் கொத்தாக விழுகிறது, யாராவது அணையுங்கள் என்றார். அவர் மகன்கள் அவரைக் காரில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். தனியார் டாக்டர் பிரஷர் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வெயிலில் அலையாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். கங்காணியின் உடம்பில் சரியாகத்தான் இருந்தது. யாரும் அந்த வீக்கத்தையும் இந்த வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று தெரிந்த ஜெபசீலி வர இன்னும் நாலு நாள் இருந்தது. பூங்கனி திங்கட்கிழமையும் முழுத் தட்டு சுமந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வடிவு எழுந்தபோது அது எழவில்லை. பல் தேய்த்து, காபி குடித்து, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒருமுறை சோம்பலாகப் புரண்டது. லாரி ஹார்ன் அடித்தது, துள்ளவில்லை. வேண்டுமென்றே பச்சைமிளகாயைக் கடித்துத் தின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு தடவை. சாயங்காலத்துக்குள் ஆறு. அவள் எண்ணினாள். எண்ணவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள், ஆனால் எண்ணினாள். தூங்குகிறது, அதற்கும் அலுப்பு இருக்காதா என்று நினைத்தாள். இடம் பத்தாமல் இருக்கும் என்று நினைத்தாள். நர்ஸ் பொய் என்று சொன்ன அதே வார்த்தை. வியாழக்கிழமைக்கு என்ன, நாளை மறுநாள்தானே, அன்றைக்கு நர்ஸிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொன்னால் அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் நினைத்தாள். எப்படி எடுப்பார்கள், யார் எடுப்பார்கள் என்று தெரியாது, ஆனால் எடுத்துவிடுவார்கள்.

புதன்கிழமை மதியத்துக்குள் இரண்டு. மூன்று மணிக்கு, பாக்கெட் ஒட்டுகிற மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, உடம்பு முழுவதையும் ஒருசேர நீட்டி முறிக்கிற மாதிரி உள்ளே நீளமாக ஒரு உதறல் வந்தது. பிறகு அவள் வயிறு அவளுடைய பழைய வயிறாக இருந்தது.

வடிவு கையில் இருந்த பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து ஓடினாள். பாத்தி வரப்புகள் ஒரு சாண் அகலம்தான், பதினொரு வருஷமாக நிழலில் வேலை பார்த்தவள் அதில் ஓடிப் பழகியதில்லை, இரண்டு இடத்தில் வழுக்கி உப்புத்தண்ணீருக்குள் முழங்காலளவு விழுந்து எழுந்து ஓடினாள். அன்று சரக்கு ஏற்ற லாரிகள் காத்திருந்ததால் மதியத்துக்குப் பிறகும் வேலை நடந்தது. பூங்கனி தலையில் தட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"பூங்கனி. அது எங்கிட்டதான் இருக்கு."

பூங்கனி நின்றாள்.

"ஏழு பொறந்த அன்னைல இருந்து எங்கிட்டதான் இருந்துச்சு. இப்ப அசையல."

பூங்கனி தலையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கல் உப்புச் சிந்தாமல் மெதுவாக வரப்பில் இறக்கி வைத்தாள். நிமிர்ந்து, எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"இப்பத்தான்" என்றாள் வடிவு. "இப்ப, இந்த மூணு மணில இருந்துதான்."

சுயம்புவின் மச்சானுடைய குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து, பின்னால் சாக்கை விரித்து, பூங்கனியைப் படுக்கவைத்து, வடிவு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சியம்மா டிரைவர் பக்கத்தில் ஏறினாள். வண்டி அளத்திலிருந்து ஊருக்குள் நுழைந்து தெரு வழியாகத்தான் தார்ரோட்டுக்குப் போக வேண்டும். அப்படிப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவளுடையது கிளம்பி அவளிடம் வந்து சேர்ந்தது. டீக்கடையைத் தாண்டியதும் சுயம்பு இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான், வண்டிக்குள் பூங்கனி முதுகை வளைத்துக்கொண்டு முனகினாள். தங்கபுஷ்பத்தின் வாசலைத் தாண்டியதும் அவள் கை கால் முகமெல்லாம் வற்றி, தோல் தொங்கியது, பூங்கனியின் விரல்கள் வடிவின் கையைப் பிடித்திருந்தபடியே பருத்துக்கொண்டு வந்தன. கங்காணி அம்பாரத்தைப் பார்த்தார், அது வெறும் உப்பாக இருந்தது. மூச்சும் நெஞ்செரிச்சலும் இழுப்பும் கோடுகளும் எல்லாம் வண்டிக்குள் வந்து ஏறின. அளத்துக்குடி ஆட்கள் வாசலில் வந்து, இரண்டரை மாதத்துக்குப் பிறகு லேசான உடம்போடு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். வடிவிடமிருந்து மட்டும் எதுவும் கிளம்பிப் போகவில்லை, போவதற்கு அங்கே எதுவும் இல்லை.

"மைனி, வெளிச்சமா இருக்கு" என்று பூங்கனி சொன்னாள். டவுனுக்குள் நுழைகிற பாலத்துக்கு முன்னால் அவள் கண் மேலே சொருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துவிடாமல் வடிவு தன் விரல்களை அவள் பல்லுக்குள் கொடுத்தாள். அந்தத் தழும்பு இரண்டு விரலிலும் இப்போதும் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பூங்கனியைக் காப்பாற்றினார்கள். பிள்ளை பெண், இரண்டே முக்கால் கிலோ, தலை நிறைய முடி, விரல் நுனியைத் தாண்டி வளர்ந்த நகம், எல்லாம் முடிந்து பிறப்பதற்குத் தயாராக இருந்த பிள்ளை. பூங்கனி மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் பார்ப்பதற்குள், லிங்கதுரையும் பேச்சியம்மாவும் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அளத்துக்கு மேற்கே உடைமரக் காட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நாலாம் நாள் அவளுக்குப் பால் வந்தது. பேச்சியம்மாதான் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபிறகு ஊர் நன்றாகத்தான் நடந்துகொண்டது. முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். கங்காணி ஆள் அனுப்பி, வேண்டுகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஜெபசீலி வந்து பிரஷர் பார்த்தாள், அட்டையில் குத்தியிருந்த வெள்ளைத்தாளைக் கழற்றி நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள், யாரையும் எதுவும் கேட்கவில்லை. தங்கபுஷ்பம் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஊரில் எல்லாரும் உள்ளூர ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். வீக்கம் பங்காக வந்ததுபோல இதுவும் தங்களுக்குப் பங்காக வரும் என்று நினைத்தார்கள். ஒருத்தருக்கு நெஞ்சடைப்பு வரும், ஒருத்தருக்கு அழுகை வரும், ஒருத்தருக்குச் சோறு இறங்காமல் போகும், அப்படிப் பிரித்து எடுத்துக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகும் என்று சுயம்பு வாய்விட்டே சொன்னான். ஒரு வாரம் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் பசித்தது, தூக்கம் வந்தது. அது முழுவதும் அவளிடமே இருந்தது.

பிள்ளை போன பதினாறாம் நாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும், பூங்கனி சமையல்கட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வடிவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க மைனி" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"எப்படி அசைஞ்சதுன்னு. எனக்கு ஆறு மாசம் வரைக்கும்தான் தெரியும். அதுக்கப்புறம் உங்களுக்குத்தான தெரியும்."

வடிவு கையைக் கழுவிக்கொண்டு, புடவையில் துடைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள். அரிசி களைந்த காலையிலிருந்து தொடங்கினாள். எந்தப் பக்கம் தட்டியது, எத்தனை மணிக்கு எழும்பியது, அப்பன் வண்டிச் சத்தம் கேட்டால் எப்படித் துள்ளியது, விக்கல் எப்படி இருந்தது, மிளகாய் பிடிக்காது, முருங்கைக்கீரை பிடித்தது, தலை திரும்பிய வெள்ளிக்கிழமை எப்படி இருந்தது. பூங்கனி இடையில் புகுந்து, இடது பக்கமா வலது பக்கமா என்று மட்டும் கேட்டாள். தலை வாரிய அன்று, வயிறு பொருமவில்லை, உன் குரல் கேட்டு அதுதான் உன் முதுகில் உதைத்தது என்று சொன்னபோது பூங்கனி கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் அந்த இடத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமலே மிச்சத்தையும் கேட்டாள். திங்கட்கிழமை வரைக்கும் வடிவு சொல்லி முடித்தாள்.

"செவ்வா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடிவு அதைப் போய் இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழமை ஆறு தடவ" என்றாள். "நான் எண்ணுனேன். கொறையுதுன்னு எனக்குத் தெரியும். புதன் மத்தியானம் வரைக்கும் ரெண்டு. அதுவும் தெரியும். உங்கிட்ட இப்பத்தான்னு சொன்னது பொய்."

வடிவு காத்திருந்தாள். அறை விழும் என்று காத்திருந்தாள், விழுந்தால் நல்லது என்றும் நினைத்தாள், மண்ணை வாரித் தூற்றினாலும் ஊரைக் கூட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பூங்கனி சுவரைப் பிடித்து எழுந்தாள். பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.

வடிவு மறுபடி அரிசி களைந்த காலையிலிருந்து சொன்னாள். மறுநாளும் நாலு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். லிங்கதுரை ஒருநாள் வந்து, போதும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினான். மழை விழுந்து பாத்திகள் கரைந்து அளம் மூடிய ஐப்பசியிலும், தையில் புதுத் தண்ணீர் பாய்ச்சி வேலை தொடங்கியபிறகும், நாலு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வடிவு சொல்ல உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மறந்துபோனவைகூட நினைவுக்கு வந்தன, அந்தப் பிள்ளையின் எண்பது நாளில் ஒரு புரளல்கூட விட்டுப்போகாமல் இரண்டு பேருக்கும் மனப்பாடமாயிற்று. ஆனால் எத்தனை தடவை சொன்னாலும், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், திங்கட்கிழமைக்கு அப்புறம் பூங்கனி செவ்வாயைக் கேட்டாள், வடிவு அதையும் சொன்னாள்.